சும்மா வந்த டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் இரண்டு கடிதம் எழுதித் தர வேண்டும். ஒன்று வேலை கேட்டு, இன்னொன்று வேலையை விட்டு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவில், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுதுவார்கள். முதல் கடிதத்தில் தேதி இருக்கும். இரண்டாவதில் 'சொந்தக் காரணங்களால் என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டுக் கையெழுத்து மட்டும் போட வேண்டும். என்றைக்குத் தேவையோ அன்றைக்கு நிர்வாகம் தேதியைப் போட்டுக்கொள்ளும். எழுதும்போது சில பேர் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வேன்.

என் பெயர் கோதைநாயகி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. ராஜபாளையம் போகிற மெயின் ரோட்டில், இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தனியார் பள்ளியில் பதினேழு வருஷமாக கிளார்க். கிராமத்து ஆட்கள் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அது அடக்கம் இல்லை. எங்கள் டீச்சர்கள் பாதிப் பேரைவிட எனக்குச் சம்பளம் ஐநூறு ரூபாய் கூட.

மே மாதம் டீச்சர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை உண்டு. நோட்டீஸ் கட்டைக் கொடுத்து ஆளுக்கு இரண்டு ஊரைப் பிரித்துவிடுவோம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். இதற்கு கேன்வாஸிங் என்று பெயர். ஆளுக்குப் பத்து அட்மிஷன். பத்து வராவிட்டால் ஜூனில் வேலை உறுதி இல்லை. எந்த டீச்சர் மூலம் வந்த பிள்ளை என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொருவரும் நோட்டீஸின் பின்பக்கம் தன் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். செப்டம்பர் ஐந்தாம் தேதி அதே டீச்சர்களுக்கு ஒரு சில்வர் டப்பாவும் ஒரு ரோஜாப்பூவும் கொடுத்து, ஆசிரியப் பணி அறப்பணி என்று கரஸ்பாண்டன்ட் ஜகந்நாதன் சார் பேசுவார். நன்றாகத்தான் பேசுவார். குரலை உயர்த்தாமலே ஆளைக் கீழே இறக்கத் தெரிந்தவர்.

வெங்கடேஸ்வரி டீச்சர் எங்களிடம் பதினோரு வருஷம் கணக்கு எடுத்தார். அதற்கு முன்னால் வேறு இரண்டு பள்ளிகளில் பத்து வருஷம். கடைசியாக வாங்கிய சம்பளம் ஒன்பதாயிரத்து ஐநூறு. எங்கள் வேன் டிரைவருக்குப் பதினொன்று. வேன் ஓடாவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுபோகும் என்பது சாரின் நியாயம். கணக்கு நடக்காவிட்டால் நிற்காது போலிருக்கிறது. என் மகள் ஸ்ரீஜா பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறினாள் என்றால் அது டீச்சர் தினமும் ஸ்கூல் விட்டபிறகு முக்கால் மணி நேரம் அவளோடு மல்லுக்கட்டியதால்தான். அதற்காக நான் ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். "இம்புட்டையும் யாரு திங்கது? பாதிய ஒம் மகளுக்குக் கொண்டு போ" என்று கால் கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

போன மே மாதம் பதினாலாம் தேதி மத்தியானம் ஒன்றரை மணிக்கு, சோழபுரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள். காலையிலிருந்து நாற்பது வீடு ஏறி இறங்கியிருந்தார். யாரோ அவர் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்து முதலில் பள்ளிக்குத்தான் போன் செய்தார்கள். எங்கள் வேன் போய் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. உயிர் வழியிலேயே போய்விட்டது.

அவருடைய பை என் மேஜைக்கு வந்தது. "பைய அவங்க வீட்டுக்காரர்கிட்ட குடுக்கணும் கோதைம்மா. நம்ம பேப்பர் ஏதாவது இருந்தா எடுத்து வச்சிருங்க" என்றார் சார். எடுத்தேன். மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டு, எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனார் என்று குறித்து வைத்த நோட்டு, இரண்டையும் என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். சில்வர் டப்பாவும் பஸ் டிக்கெட்டுகளும் உள்ள பையைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை சார் என் எதிரே ஒரு தாளை வைத்தார். டீச்சரின் இரண்டாவது கடிதம்.

"இதுல தேதி இல்லையேம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் வேலையில் இருந்தபோது செத்தார் என்றால் நஷ்டஈடு வரும், லேபர் ஆபீஸ் வரும், சம்பளம் தராத மாதத்தில் ஏன் வேலை வாங்கினீர்கள் என்ற கேள்வி வரும். ஏப்ரல் முப்பதோடு விலகிவிட்டார் என்றால் எதுவும் வராது.

நீல மை பேனாவை எடுத்து 30-4 என்று எழுதினேன். டீச்சர் மூன்றின் தலையைத் தட்டையாகப் போடுவார். நானும் தட்டையாகப் போட்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பயம்தான். வேறு காரணம் தேடி அலங்காரம் பண்ண எனக்கு இஷ்டம் இல்லை.

அன்று சாயங்காலம் விசாரிக்க ஓர் ஏட்டு வந்தார். அந்த அம்மா என்ன ஜோலியாக அந்த ஊருக்குப் போனார் என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார்.

"சும்மா போயிருப்பாவ" என்றேன்.

ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். நம் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் கடந்துவிடலாம். காரணம் இல்லாமல் போனாலும் சும்மா, கூலி இல்லாமல் போனாலும் சும்மா. நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டீச்சரின் கணவர் ஜெயபாண்டி வந்தார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி. நாற்காலியின் நுனியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

"காசு கேட்டு வரல சார். எங்க ரெஜிமென்ட்ல ஒருத்தன் செத்தா, எந்த எடத்துல செத்தான், என்ன டூட்டியில செத்தான்னு எழுதிக் குடுப்பாவ. அந்தப் பேப்பரை வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டுவாவ. எம் பொண்டாட்டிக்கு அப்பிடி ஒரு வரி எழுதிக் குடுங்க. அம்புட்டுதான்."

சார் மெதுவாகச் சொன்னார். "அவங்க ஏப்ரல் முப்பதோட ரிசைன் பண்ணிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெயபாண்டி அதை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து அவளுதுதான்" என்றார். பிறகு தேதியின்மேல் விரலை வைத்தார். "அப்ப ரெண்டு வாரமா தெனம் காலையில கொடைய எடுத்துக்கிட்டு, கேன்வாஸிங் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு, எங்க போனா?"

சார் தன் சொந்தப் பணத்தில் பத்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு நீட்டினார். ஜெயபாண்டி கவரைத் தொடாமல் எழுந்து போனார். செத்தவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது ஒரு பக்கம். நான் எழுதிய அந்தத் தேதி, இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த புருஷனிடம் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மற்ற டீச்சர்களுக்கு விஷயம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருடைய இரண்டாவது கடிதமும் என் பீரோவில்தான் இருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம், கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாடத்தி என்று பெயர் சொன்னாள். எனக்கு ஆச்சரியம். அது மலை அடிவாரத்து ஊர், எங்கள் வேன் அந்தப் பக்கமே போனது இல்லை. அந்த ஊரை யாருக்கும் பிரித்துக் கொடுத்ததும் இல்லை.

"யாரு மூலமா வந்தீய?" என்று ஃபாரத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒரு டீச்சர் வந்து சொன்னாவ. கணக்கு டீச்சராம். பிள்ள கையப் பிடிச்சு விரல எண்ணச் சொன்னாவ. இது எண்ணாத கழுதை, அவிய கேக்கவும் பத்து வரைக்கும் எண்ணிருச்சு." மடித்த நோட்டீஸை நீட்டினாள்.

பின்பக்கம் 'வெ. வெங்கடேஸ்வரி, கணக்கு' என்று நீல மையில் எழுதியிருந்தது.

"எப்ப வந்தாவ?"

"இப்பத்தான். போன வாரம்."

எங்கள் பக்கம் 'இப்பத்தான்', 'போன வாரம்' என்பதற்கெல்லாம் கணக்கு கிடையாது. தலைப்பிரசவம் இப்பத்தான் என்பார்கள், அந்தப் பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். மே தொடக்கத்தில் எப்போதோ டீச்சர் தானாகவே போயிருப்பார் என்று நினைத்து அட்மிஷன் போட்டேன். அவள் போனபிறகு டிராயரைத் திறந்து டீச்சரின் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கூமாப்பட்டி இல்லை. நோட்டீஸ் கட்டைக் கையில் எடுத்தேன். நான் இறுக்கிச் சுற்றி வைத்த ரப்பர் பேண்ட் தொளதொள என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் யாராவது வந்தார்கள். எல்லாம் எங்கள் வேன் போகாத ஊர்கள். எல்லோர் கையிலும் அந்த நோட்டீஸ். ஒருவர்கூட ஆள் அடையாளத்தைத் தப்பாகச் சொல்லவில்லை. நீல நிறத்தில் ஒரு காட்டன் புடவை, கறுப்புக் குடை, இடது கையில் கடிகாரம். ஒரு தாய், டீச்சருக்கு உடம்புக்கு முடியவில்லையா, குரல் கம்மியிருந்ததே என்று கேட்டாள். நான் ஃபாரத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினேன்.

சாருக்கு முதலில் சந்தோஷம். எண்ணிக்கை ஏறுகிறதே. மற்ற டீச்சர்கள் பரிதாபப்பட்டுத் தங்கள் அட்மிஷனைச் செத்தவர் பெயரில் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "கூமாப்பட்டிப் பக்கம் ஒரு வேன் விட்டா என்னம்மா?" என்றுகூடக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உயிரோடு இருந்தபோது நாலு அட்மிஷனுக்கு மேல் தேறாதவருக்கு, செத்தபிறகு சார் புது ரூட்டே போட்டுக் கொடுக்கிறார்.

ஜூன் கடைசி வாரம் வீரணன் என்று ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். அவரும் நோட்டீஸை நீட்டினார்.

"முந்தாநா மத்தியானம் வந்தாவ தாயி" என்றார். அவர் நாள் கணக்கைத் தெளிவாகச் சொன்னார். முந்தாநாள்தான் அவருடைய வெள்ளாடு குட்டி போட்டதாம். "நல்ல உச்சி வெயிலு. ஒரு செம்பு தண்ணி குடுத்தேன். வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டாவ, குடிக்கல. லீவு முடிஞ்சும் இப்பிடி அலையிதீயளே, சம்பளம் கூட்டிக் குடுக்காவளான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"இல்ல ஐயா, நான் சும்மாதான் வந்தேன்னாவ."

என் கையிலிருந்த ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. ஏட்டிடம் நான் சொன்ன சொல் அது. அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும். பெரியவர் குனிந்து ஸ்டேப்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒடம்புக்கு என்ன செய்யுது டீச்சரு?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. பேய் என்றால் அலறும், ஆளைப் பிடிக்கும், கழுத்தை நெரிக்கும் என்றுதான் கேட்டிருக்கிறேன். இவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளின் விரலைப் பிடித்து எண்ணச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்தியநாத சுவாமி கோயில் நடை சாத்தியபிறகு தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. மூன்று மணிக்குத் துணி எடுக்க வெளியே வந்தேன். எதிர்வீட்டு முனீஸ்வரி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"யக்கா, ஒங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தவிய வந்தாவளே, பாத்தீயளா?"

"யாரு?"

"பேரு கேக்கல. கொடை பிடிச்சுக்கிட்டு ஒங்க வாசலப் பாத்துச் செத்த நேரம் நின்னாவ. கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவிய ஏதாச்சும் எழுதிக்கிட்டு இருப்பாவ, தொந்தரவு பண்ண வேண்டாம், நான் சும்மாதான் வந்தேன்னாவ. பொறவு இப்பிடிக்கூடி நடந்து போயிட்டாவ."

எங்கள் வீட்டில் சேர்க்கிற வயதில் பிள்ளை யாரும் இல்லை. ஸ்ரீஜா கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். டீச்சருக்கு அது தெரியும். துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுதிக்கொண்டிருப்பாள், தொந்தரவு பண்ண வேண்டாம் என்கிறார்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன்.

'கணக்கு ஆசிரியை வெங்கடேஸ்வரி, மே பதினாலாம் தேதி, பள்ளி நிர்வாகம் அனுப்பியபடி சோழபுரத்தில் மாணவர் சேர்க்கைப் பணியில் இருக்கும்போது இறந்தார். அவருடைய ராஜினாமாக் கடிதத்தில் உள்ள தேதியை, அவர் இறந்த மறுநாள் என் கையால் எழுதியவள் நான்.'

கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். பள்ளியின் வட்ட சீல் என் பொறுப்பில் இருந்தது. அதையும் குத்தினேன். குத்தி முடித்து நிமிர்ந்தபோது சார் எதிரே நின்றார். தாளைத் திருப்பி வாசித்தார்.

"சீல் பள்ளிக்கூடத்துது கோதைம்மா."

"ஆமா சார். அவங்களும் பள்ளிக்கூடத்து ஆளுதான்."

"நீங்களும் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

"நாந்தான சார் ஃபைல் பண்ணேன். தேதிய நீங்களே போட்டுக்குங்க. எனக்குக் கை வராது."

பிடுங்கிக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நேத்து எங்க வீட்டு கேட்டுக்கு வெளிய ஒரு டீச்சர் நின்னாங்கன்னு வீட்டுல சொன்னாங்க. உள்ள வரச் சொன்னாங்களாம். வரலையாம்."

அவருடைய கழுத்தோரம் வேர்த்திருந்தது. பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்காக நான் நின்றிருந்தால் இன்னும் பதினேழு வருஷம் நின்றிருப்பேன். தாளையும் டீச்சரின் நோட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜெயபாண்டிக்குப் பகல் ஷிஃப்ட். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சின்ன காங்கிரீட் வீடு. அவர் வாசற்படியில் குந்தியிருந்தார். கையில் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன மேடம், இன்னும் ஏதாச்சும் லெட்டர் இருக்கா?"

தாளை நீட்டினேன். அவர் எழுந்து நின்று வாசித்தார். ஒரு தடவை முடித்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் சரி என்று இருந்தேன்.

"அப்ப அவ எங்கிட்ட பொய் சொல்லல" என்றார்.

"இல்லண்ணே. நாந்தான் பொய்யி. அவிய எந்தெந்த வீட்டுக்குப் போனாவன்னு இந்த நோட்டுல இருக்கு. உள்ளது உள்ளபடி எழுதியிருக்காவ. என்னைய மன்னிக்கணும்னு கேக்க எனக்கு அருகதை இல்ல."

அவர் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து அந்த எழுத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"பதினேழு வருசம் துப்பாக்கி பிடிச்சேன் மேடம். சாகுற வரைக்கும் பென்சன் தாரான். ரயில்ல போனா எந்திரிச்சு எடம் குடுக்கான். இவ இருபத்தோரு வருசம் சாக்பீஸ் பிடிச்சா. எத்தனை பிள்ள ஆளாயிருக்கும்? மே மாசம் வந்தா எங்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேப்பா." துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொன்னா பைத்தியம்னு நெனைக்கக் கூடாது. இங்க பாருங்க."

வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. பட்டையிலும் குதிகாலிலும் செம்மண் புழுதி அப்பியிருந்தது. எங்கள் பக்கத்து மண் கறுப்பு. அது அடிவாரத்து மண்.

"அவ செருப்பு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாவ, கொண்டாந்து அவ விடுற எடத்துலயே வச்சேன். தெனம் சாயங்காலம் வந்து பாத்தா இப்பிடித்தான் இருக்கு. தொடச்சு வைக்கிறேன். மறுநாளும் புழுதி. எங்க போறான்னு தெரியாம நான் என்னென்னவோ நெனச்சேன் மேடம். நெனைக்கக் கூடாததெல்லாம் நெனச்சேன்."

நான் சொன்னேன். கூமாப்பட்டி மாடத்தியை, வீரணனை, குடிக்காமல் வைத்த தண்ணீரை, என் வீட்டு வாசலில் வந்து நின்றதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எத்தன பேரு சேக்கணுமாம்?"

"பத்து."

"இப்ப எத்தன?"

"பதிமூணு."

"பின்ன ஏன் இன்னும் போறா?"

அவரே பதிலும் சொன்னார்.

"காவலுக்கு நிக்கிறவன் தானா எறங்க மாட்டான் மேடம். மழை பேஞ்சாலும் நிப்பான், பனி கொட்டினாலும் நிப்பான். மாத்து ஆளு வந்து, ஒன் டூட்டி முடிஞ்சுது, நீ போகலாம்னு வாயால சொல்லணும். அப்பத்தான் எறங்குவான். இவளுக்கு யாரு சொன்னா? போகாதன்னு நான் சொல்லிப் பாத்தேன். புருசன் சொன்னா டூட்டி முடியுமா? பள்ளிக்கூடத்துல இருந்து யாராச்சும் சொல்லணும். நீங்க சொல்லுங்க."

நான் கிளார்க். யாரையும் அனுப்பவோ நிறுத்தவோ எனக்கு அதிகாரம் கிடையாது. காலையோடு அந்த வேலையும் போய்விட்டது. ஆனால் டீச்சருக்கு அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் என்று இருந்தது நான் ஒருத்திதான். செருப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சர்" என்றேன். "மே பதினாலாம் தேதி நீங்க டூட்டியில இருந்தீங்க. எழுதிக் குடுத்துட்டேன். அட்மிஷன் போதும் டீச்சர். ஒங்க டூட்டி முடிஞ்சுது. இனிமே வெயில்ல போக வேண்டாம்."

தெருவில் ஒரு பைக் போயிற்று. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது. ஜெயபாண்டி அசையாமல் நின்று, யாரோ உள்ளே போக வழி விடுகிறவரைப்போல ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

பிறகு குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். எந்த வீட்டிலும் செருப்பை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். அவர் அதைத் துடைக்காமல், புழுதியோடு இரண்டு கையிலும் ஏந்தி, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.